ஆறாவது ஆண்டு: கிரெய்ன்கியை அரிசோனாவிடம் விட்டது தவறா?

2015 டிசம்பர் 4 அன்று பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) ஸாக் கிரெய்ன்கி அரிசோனா டயமண்ட்பேக்ஸுக்குப் போகிறார் என்ற செய்தி வந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ரசிகர்கள் கொதித்ததில் வியப்பில்லை. அந்த ஆண்டு டாட்ஜர்ஸுக்காக 222⅔ இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.66 ரன் மட்டுமே கொடுத்திருந்தார். 19 வெற்றி, 3 தோல்வி. இடையில் தொடர்ந்து 45⅔ இன்னிங்ஸ் ஒரு ரன்கூட விடவில்லை. அவரும் இன்னொரு முன்னணிப் பிட்சரான கிளேட்டன் கெர்ஷாவும் ஒரே அணியில் இருந்தது டாட்ஜர்ஸின் பெரிய பலம். டாட்ஜர்ஸ் ஒப்பந்தத்தில் மீதமிருந்த மூன்று ஆண்டு, 7.1 கோடி டாலரை உதறிவிட்டு, எந்த அணியோடும் பேசக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். கிழக்குக் கரைக்குப் போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவர் போனதோ அதே நேஷனல் லீக் மேற்குப் பிரிவில் இருக்கும் அணிக்கு.

அரிசோனா கொடுத்தது ஆறு ஆண்டு, 20.65 கோடி டாலர். டாட்ஜர்ஸ் ஐந்து ஆண்டுக்கு மேல் போக மறுத்தது என்பதே அன்றைய செய்திகள் எல்லாம் சொன்னது. ஆக, சண்டை ஆறாவது ஆண்டைப் பற்றியது. டாட்ஜர்ஸ் நிர்வாகத்தின் முன் நான்கு வழிகள் இருந்தன. ஆறாவது ஆண்டையும் கொடுத்து அவரை வைத்துக்கொள்வது. சந்தையில் இருந்த வேறொரு பெரிய பிட்சரை வாங்குவது. இளம் வீரர்களை வேறு அணிக்குக் கொடுத்து, டிரேடில் (பரிமாற்றத்தில்) ஒருவரைப் பெறுவது. பணத்தைப் பிரித்து இரண்டு மூன்று நடுத்தர பிட்சர்களை எடுப்பது. நான்கையும் யாரோ ஓர் அணி அதே குளிர்காலத்தில் செய்து பார்த்தது. அதனால் ஊகமாகப் பேச வேண்டிய தேவை இல்லை.

முதலில் அந்த 20.65 கோடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தலைப்புச் செய்தியில் வரும் தொகையும் அணியின் கையிலிருந்து போகும் தொகையும் ஒன்றல்ல. இதில் 6.25 கோடி டாலர் ஒத்திவைக்கப்பட்டது: 2022 முதல் 2026 வரை ஆண்டுக்கு 1.25 கோடி வீதம் ஐந்து தவணை. ஆண்டுக்கு 4 சதவீத வட்டி என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அந்த 6.25 கோடியின் 2016 மதிப்பு சுமார் 4.6 கோடிதான். அதாவது அரிசோனா பேசிய தொகையில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் காகிதத்தில் மட்டுமே இருந்தது. எந்த ஒப்பந்தத்தை எடைபோட்டாலும் மொத்தத் தொகைக்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை ஆண்டு, எவ்வளவு எப்போது கைக்கு வரும், நடுவில் விலகும் உரிமை யாரிடம். மூன்றாவதை ரசிகர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வீரரிடம் விலகும் உரிமை இருந்தால், அவர் நன்றாக ஆடினால் போய்விடுவார், காயப்பட்டால் தங்கிவிடுவார். கிரெய்ன்கி டாட்ஜர்ஸிடமிருந்து வெளியேறியதே அந்த உரிமையால்தான். அரிசோனா ஒப்பந்தத்தில் அது கிடையாது.

அடுத்தது எல்லாருடைய வாயிலும் இருந்த அந்தக் கவலை: “இனி நமக்கு எதிராகவே வீசுவாரே!” அன்றைய அட்டவணையில் ஒரே பிரிவு அணிகள் ஆண்டுக்கு 19 முறை மோதின. 162 ஆட்டத்தில் ஒரு ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) 32 முறை களமிறங்குகிறார் என்றால், ஒரு குறிப்பிட்ட எதிரணிக்கு அவர் வருவது சராசரியாக நான்கு முறை. நான்கு ஆட்டத்தில் ஒரு பிட்சரை மட்டும் மாற்றினால் வெற்றிக் கணக்கில் நகர்வது அரை ஆட்டம், மிஞ்சினால் ஓர் ஆட்டம். உண்மையான பாதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. நமக்குக் குறையும் ஐந்து வெற்றி எதிராளிக்குக் கூடும் ஐந்து வெற்றியாகிவிட்டால் பட்டியலில் இடைவெளி பத்தாகிறது. ஆனால் அது வலிப்பது இரண்டு அணிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான். 2015-இல் டாட்ஜர்ஸ் 92 வெற்றி, டயமண்ட்பேக்ஸ் 79. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸும் கிரெய்ன்கியைத் துரத்தியது. அங்கே போயிருந்தால் அந்தப் பத்து உண்மையிலேயே கழுத்தைப் பிடித்திருக்கும். அந்த விதத்தில் டாட்ஜர்ஸுக்கு அரிசோனா வாய்த்தது நல்லதுதான்.

1.66 என்ற எண்ணை அப்படியே அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகலாம் என்று நினைத்ததும் தவறு. 2015-இல் கிரெய்ன்கி பந்தில் அடிக்கப்பட்டு மைதானத்துக்குள் விழுந்தவற்றில் 22.9 சதவீதம் மட்டுமே ஹிட் (அடித்தவர் பத்திரமாக பேஸை எட்டும் அடி) ஆயின. லீக் முழுக்க அது 30 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். தடுப்பாளர்களும் அதிர்ஷ்டமும் சேர்ந்து கொடுத்த சலுகை அது. ஸ்டிரைக்-அவுட், வாக், ஹோம் ரன் என்று தடுப்பாளர்கள் கைபடாத மூன்றை மட்டும் வைத்துக் கணக்கிடும் எஃப்ஐபி அளவுகோல் அவருக்கு 2.76 என்றே சொன்னது. அதுவும் அபாரம்தான், ஆனால் 1.66 அல்ல. மைதானத்தையும் சேர்க்க வேண்டும். டாட்ஜர் ஸ்டேடியம் பிட்சருக்கு உதவும். ஃபீனிக்ஸின் சேஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேல், காற்றும் காய்ந்தது, பந்து பறக்கும். பந்துகளை ஈரப்பதத்தில் வைக்கும் ஹியூமிடார் அறை அங்கே வந்ததே 2018-இல்தான்.

முதல் ஆண்டில் டாட்ஜர்ஸ் ரசிகர்கள் சிரித்தார்கள். 2016-இல் கிரெய்ன்கி காயத்தால் 26 ஆட்டம் மட்டுமே வீசினார்: 158⅔ இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.37 ரன். செப்டம்பரில் டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு வந்தபோது ஒரே ஆட்டத்தில் ஐந்து ஹோம் ரன் கொடுத்தார். அரிசோனா 69 வெற்றியோடு சரிந்தது. பொது மேலாளரும் பயிற்சியாளரும் வேலை இழந்தார்கள். “பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே” என்று கதையை அங்கேயே முடித்துவிட்டவர்கள் பலர். அதுதான் இந்த விவாதத்தின் மிகப் பெரிய பிழை. அடுத்த ஆண்டுகளில் கிரெய்ன்கி 2017-இல் 202⅓ இன்னிங்ஸ், 3.20, 2018-இல் 207⅔, 3.21, 2019-இல் அரிசோனா, ஹூஸ்டன் இரண்டும் சேர்த்து 208⅔, 2.93. வேகப்பந்து மணிக்கு 90 மைலுக்குத் தாழ்ந்த பிறகும் சேஞ்ச்-அப் என்ற மெதுவான ஏமாற்றுப் பந்தையும் குறி தவறாத கையையும் வைத்தே ஓட்டினார். எல்லாரும் பயந்த அந்த ஆறாவது ஆண்டு, 2021: 171 இன்னிங்ஸ், 4.16. சுமாரான ஆண்டு. ஆனால் அதை விபத்து என்று யாரும் சொல்ல முடியாது.

இதை மற்ற பெரிய பெயர்களோடு வைத்துப் பார்த்தால்தான் இரண்டாவது வழி எவ்வளவு ஆபத்தானது என்று புரியும். டேவிட் பிரைஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸில் ஏழு ஆண்டு, 21.7 கோடி. ஜானி குவேட்டோ ஜயன்ட்ஸில் ஆறு ஆண்டு, 13 கோடி. ஜெஃப் சமார்ஜாவும் ஜயன்ட்ஸில், ஐந்து ஆண்டு, 9 கோடி. 2016 முதல் 2018 வரையிலான மூன்று ஆண்டில் வீசிய இன்னிங்ஸ்: கிரெய்ன்கி 568⅔, பிரைஸ் 480⅔, சமார்ஜா 455⅔, குவேட்டோ 420. பிரைஸுக்கு 2017-இல் முழங்கை. 74⅔ இன்னிங்ஸோடு நின்றார். குவேட்டோ முதல் ஆண்டில் 219⅔ இன்னிங்ஸ், 2.79 என்று கலக்கினார், அதோடு சரி. இரண்டாம் ஆண்டு 4.52, மூன்றாம் ஆண்டு 53 இன்னிங்ஸோடு முழங்கை அறுவை சிகிச்சை. அவருக்கு 2017 முடிவில் விலகும் உரிமை இருந்தது, விலகவில்லை. ஏன் விலகப் போகிறார்? மீதி நான்கு ஆண்டுப் பணத்தை வேறு எவரும் கொடுத்திருக்க மாட்டார்கள். நல்லவர் போய்விடுவார், நொந்தவர் தங்குவார் என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம். கிரெய்ன்கிக்குப் பதில் இவர்களில் ஒருவரை எடுத்திருந்தால் டாட்ஜர்ஸுக்குக் கூடுதல் தலைவலிதான் கிடைத்திருக்கும்.

மூன்றாவது வழி, டிரேட். இதற்கு அதிக வரிகள் தேவையில்லை. கிரெய்ன்கியை எடுத்த அதே வாரத்தில் அரிசோனாவே பிட்சர் ஷெல்பி மில்லரைப் பெற, 2015 டிராஃப்டின் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வின்) முதல் தேர்வான டான்ஸ்பி ஸ்வான்சனையும், என்டர் இன்சியார்ட்டே, ஆரன் பிளேர் இருவரையும் அட்லான்டாவுக்குக் கொடுத்தது. மில்லர் 2016-இல் 3 வெற்றி, 12 தோல்வி, 6.15. டாட்ஜர்ஸ் கையில் இளம் வீரர் கோரி சீகர் இருந்தார், அவரைத் தொடவில்லை, அடுத்த ஆண்டே அவர் சிறந்த புதுமுக விருதை வாங்கினார்.

நான்காவது வழியைத்தான் டாட்ஜர்ஸ் எடுத்தது. அதன் நுணுக்கம்தான் இந்தக் கதையில் சுவையான பகுதி.

கிரெய்ன்கி போன இரண்டே நாளில் பிட்சர் ஹிசாஷி இவாகுமாவுடன் மூன்று ஆண்டு, 4.5 கோடிக்கு ஒப்புக்கொண்டார்கள். மருத்துவப் பரிசோதனையில் மருத்துவர்கள் தயங்கினார்கள், பேச்சு முறிந்தது, இவாகுமா சியாட்டிலுக்கே ஓராண்டு உத்தரவாதத்தோடு திரும்பினார். 2016-இல் அவர் 33 ஆட்டம், 199 இன்னிங்ஸ் வீசியதும் மருத்துவர்களைக் கேலி செய்தார்கள். 2017-இல் ஆறே ஆட்டத்தில் தோள் போய், அதன்பின் மேஜர் லீக்கில் அவர் வீசவே இல்லை. பரிசோதனையில் தேடுவது அடுத்த ஆண்டு வீசுவாரா என்பதை அல்ல, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டிலும் வீசுவாரா என்பதை. மூன்றாண்டுக் கேள்விக்கு மருத்துவர்கள் சொன்ன பதில் சரி.

பிறகு ஸ்காட் காஸ்மிர்: மூன்று ஆண்டு, 4.8 கோடி, முதல் ஆண்டுக்குப் பின் விலகும் உரிமையோடு. 2016-இல் 136⅓ இன்னிங்ஸ், 4.56. விலகவில்லை. 2017-இல் இடுப்பு; ஒரு ஆட்டமும் இல்லை.

கடைசியாக ஹிரோஷிமா கார்ப் அணியிலிருந்து கென்டா மயேடா. அவரை விடுவிக்க ஜப்பானிய அணிக்கு 2 கோடி டாலர் போஸ்டிங் கட்டணம். மயேடாவுக்கோ எட்டு ஆண்டுக்கு உத்தரவாதம் 2.5 கோடி மட்டுமே: ஆண்டுக்கு 30 லட்சம், கையெழுத்துப் பணம் 10 லட்சம். பரிசோதனையில் முழங்கை பற்றிய சந்தேகம் எழுந்ததுதான் காரணம். மீதியெல்லாம் வீசினால் காசு. ஆண்டுத் தொடக்கத்தில் அணியில் இருந்தால் 1.5 லட்சம். 15-ஆவது, 20-ஆவது ஸ்டார்ட்டுக்குத் தலா 10 லட்சம். 25, 30, 32-ஆவது ஸ்டார்ட்டுக்குத் தலா 15 லட்சம். 90 இன்னிங்ஸ் தொட்டதும் 2.5 லட்சம், பிறகு ஒவ்வொரு பத்து இன்னிங்ஸுக்கும் 2.5 லட்சம் 190 வரை, 200-ஐத் தொட்டால் 7.5 லட்சம். முழுதும் அடித்தால் ஆண்டுக்கு 1.015 கோடி கூடுதல்.

2016-இல் அவர் 32 ஸ்டார்ட், 175⅔ இன்னிங்ஸ். ஸ்டார்ட்டுக்கு 65 லட்சம், இன்னிங்ஸுக்கு 22.5 லட்சம், அணியில் இருந்ததற்கு 1.5 லட்சம்; அடிப்படையும் சேர்த்து 1.19 கோடி. அடுத்த ஆண்டு 25 ஸ்டார்ட், 134⅓ இன்னிங்ஸ்: 79 லட்சம். 2018-இல் 20 ஸ்டார்ட், 125⅓: 61.5 லட்சம். இந்த வகை ஒப்பந்தத்தில் ஒரு சிக்கலும் உண்டு. எத்தனை ஸ்டார்ட் என்று முடிவு செய்வது அணி. மயேடாவை ரிலீவராக (ஆட்டத்தின் நடுவில் வரும் பிட்சராக) மாற்றினால் அணிக்கும் லாபம், சம்பளமும் மிச்சம். 2017 பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய பட்டச் சுற்றுகளில்) அவர் அந்த வேலையை நன்றாகவே செய்தார். ஆனால் ஒவ்வொரு முறை புல்பென்னுக்கு (ரிலீவர்கள் வரிசைக்கு) போகும்போதும் அவர் பையிலிருந்து காசு போனது.

இப்போது இரண்டு பக்கத்தையும் தராசில் வைப்போம். 2016 முதல் 2018 வரை மயேடா 435⅓, காஸ்மிர் 136⅓. மொத்தம் 571⅔ இன்னிங்ஸ். கிரெய்ன்கி 568⅔. மூன்றே இன்னிங்ஸ் வித்தியாசம்! பணம்: மயேடாவுக்குச் சம்பளம், கையெழுத்து, போஸ்டிங் கட்டணம் எல்லாம் சேர்த்து 4.7 கோடி, காஸ்மிருக்கு 4.8 கோடி, ஆக 9.5 கோடி. கிரெய்ன்கிக்குச் சராசரிப்படி 3.44 கோடி வீதம் 10.3 கோடி. கொடுத்த ரன்: இருவரும் சேர்ந்து ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.98; கிரெய்ன்கி 3.53, அதுவும் பந்து பறக்கும் மைதானத்தில். மூன்று ஆண்டில் 30 ரன் வித்தியாசம். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்ற பழைய கைக்கணக்கில் மூன்று வெற்றி. ஆகவே, பிரித்து வாங்கியதால் டாட்ஜர்ஸுக்கு மலிவாக நல்ல பிட்சிங் கிடைத்தது என்று சொல்பவர்கள் 2016-ஐ மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். பந்துவீச்சை மட்டும் எடைபோட்டால் கிரெய்ன்கி பக்கம்தான் தட்டு தாழ்கிறது.

மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டும் லக்சரி டாக்ஸைச் சேர்த்தால் மாறுமா? 2016-இல் வரம்பு 18.9 கோடி டாலர். அதை மீண்டும் மீண்டும் தாண்டிய டாட்ஜர்ஸுக்கு விகிதம் 50 சதவீதம். கிரெய்ன்கியின் 3.44 கோடிக்கு வரி 1.72 கோடி, ஒத்திவைத்த தொகைக்காக அது கொஞ்சம் குறையும். காஸ்மிருக்கு 80 லட்சம், மயேடாவின் உத்தரவாதச் சராசரிக்கும் ஊக்கத்தொகைக்கும் சேர்த்து 60 லட்சம், மொத்தம் 1.4 கோடி. பெரிய இடைவெளி இல்லை. வரி வித்தியாசம் தெரிந்தது 2018-இல். 2017 டிசம்பரில் காஸ்மிர், பிரான்டன் மெக்கார்த்தி, அட்ரியன் கொன்சாலஸ் ஆகியோரின் கடைசி ஆண்டுச் சம்பளங்களை அட்லான்டாவுக்குத் தள்ளி, பதிலுக்கு மாட் கெம்ப்பை வாங்கி, 19.7 கோடி வரம்புக்குக் கீழே இறங்கியது டாட்ஜர்ஸ். வரி விகிதம் பழையபடி 20 சதவீதத்திலிருந்து தொடங்கியது. இன்னும் நான்கு ஆண்டு மீதமிருக்கும் 34 வயதுப் பிட்சரின் 3.44 கோடியை அப்படித் தள்ளியிருக்க முடியாது. 2019-இல் ஹூஸ்டனுக்கு அனுப்ப அரிசோனாவே 2.4 கோடி டாலர் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் முடிவைப் புரட்டிப் போட்டது பணமும் இல்லை, ஒரு டிராஃப்ட் தேர்வு. டாட்ஜர்ஸ் கிரெய்ன்கிக்கு ஓராண்டு, 1.58 கோடி டாலர் குவாலிஃபையிங் ஆஃபர் கொடுத்தது; அவர் மறுத்தார். அன்றைய விதிப்படி அவரை எடுத்த அரிசோனா முதல் சுற்றுத் தேர்வை இழந்தது. டாட்ஜர்ஸுக்கு முதல் சுற்றின் முடிவில் ஒரு தேர்வு கிடைத்தது. 2016-இன் 32-ஆவது தேர்வு. அதில் எடுத்தவர் கேட்சர் வில் ஸ்மித். 2025 உலகத் தொடரின் (பட்டத்துக்கான இறுதித் தொடரின்) ஏழாவது ஆட்டத்தில், டொரன்டோவில், 11-ஆவது இன்னிங்ஸில் வெற்றி ஹோம் ரன் அடித்தவர் அவர்தான். அதற்காக இந்தத் தேர்வுகளைத் தங்கமாக எண்ணிவிடக் கூடாது. அதே டிராஃப்டில் நான்கு இடம் தள்ளி, 36-ஆவதாக டாட்ஜர்ஸ் எடுத்த பிட்சர் ஜோர்டன் ஷெஃபீல்ட் அந்த அணிக்காக மேஜர் லீக்கில் ஒரு பந்தும் வீசவில்லை. முடிவெடுக்கும் நாளில் அந்தத் தேர்வின் மதிப்பு சில பத்து லட்சம் டாலர்தான். ஸ்மித் கிடைத்தது ஆள் தேடுபவர்களின் திறமையும் அதிர்ஷ்டமும்.

எனவே டாட்ஜர்ஸ் செய்தது சரி என்பதே நம் தீர்ப்பு. ஆனால் கிரெய்ன்கி தேய்ந்துவிட்டார் என்பது அதற்குக் காரணம் அல்ல. அவரை விட்டதால் கிடைத்த தேர்வும், 2018-இல் வரியை இறக்கும் சுதந்திரமும், மூன்று வெற்றியை ஈடுகட்டும் ஆழமும் அந்த அணியிடம் இருந்தன. அரிசோனாவும் பிட்சரைத் தவறாக எடுக்கவில்லை. சம்பளப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, சீசன் தொடங்கும் முன்பே முழங்கை உடைந்த வெளிக்கள வீரர் ஏ.ஜே. பொல்லாக்குக்கு மாற்று இல்லாமல் நின்றதுதான் அவர்கள் பிழை. 2017-இல் 93 வெற்றியோடு பிளேஆஃபுக்கு வந்தார்கள். அங்கே டாட்ஜர்ஸ் மூன்றுக்குப் பூஜ்யம் என்று வெளியே அனுப்பியது. மூன்றாவது ஆட்டத்தில் தோற்றவர் கிரெய்ன்கி.

இதே கணக்கை இன்று போடுபவர்கள் விதிகள் மாறியதைக் கவனிக்க வேண்டும். லக்சரி டாக்ஸ் கட்டும் அணி தன் வீரரை இழந்தால் இப்போது ஈட்டுத் தேர்வு நான்காம் சுற்றுக்குப் பிறகுதான். இன்றைய விதி அன்றிருந்தால் 32-ஆவது தேர்வு கிடையாது. இன்னொன்று, ஒரு வீரருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் குவாலிஃபையிங் ஆஃபர் கொடுக்கலாம். ஜயன்ட்ஸ் இதில்தான் மாட்டியது. பிளேக் ஸ்னெல் சான் டியாகோவிடமிருந்து 2023-இலேயே அதை வாங்கியிருந்தார். 2024 மார்ச்சில் அவரை ஜயன்ட்ஸுக்கு இரண்டு ஆண்டு, 6.2 கோடிக்கு, நடுவில் விலகும் உரிமையோடு எடுத்தவர் ஃபர்ஹான் ஸைதி. கிரெய்ன்கி போனபோது டாட்ஜர்ஸின் பொது மேலாளராக இருந்த அதே ஸைதி. ஸ்னெல் ஆகஸ்டில் ஹிட்டே கொடுக்காத ஒரு முழு ஆட்டம் வீசி, 2025-க்கான 3 கோடியை விட்டு விலகி, டாட்ஜர்ஸுக்கு ஐந்து ஆண்டு, 18.2 கோடிக்குப் போனார். ஜயன்ட்ஸுக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2015-இல் 50 சதவீத வரிக் காலத்தில் ஆறாவது ஆண்டுக்குத் தயங்கிய டாட்ஜர்ஸ், 2024-இல் மேல் தட்டில் டாலருக்கு 110 சதவீத வரி கட்டிக்கொண்டே அவரை எடுத்தது. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஒஹ்தானி வந்த பிறகு அவர்களுடைய வருமானம் வேறு கணக்கு.

ஜயன்ட்ஸ் அதே 18.2 கோடியை ஷார்ட்ஸ்டாப் வில்லி அடாமஸுக்கு ஏழு ஆண்டுக்குக் கொடுத்தது. பிட்சிங்குக்கு ஜஸ்டின் வெர்லாண்டரை ஓராண்டு, 1.5 கோடிக்கு எடுத்தது. 2025-இல் வெர்லாண்டர் 29 ஸ்டார்ட், 152 இன்னிங்ஸ், 3.85. ஸ்னெல் தோள் வலியால் 11 ஸ்டார்ட், 61⅓ இன்னிங்ஸ் மட்டுமே. அதுவரை கணக்கு ஜயன்ட்ஸ் பக்கம். பிறகு அக்டோபரில் மில்வாக்கிக்கு எதிராக ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ஹிட் கொடுத்தார். ஜயன்ட்ஸ் பிளேஆஃபுக்கே வரவில்லை.